சட்டையில் இருக்கிற பிள்ளை

இயேசு மரி சூசை துணை

கீழ்ப்பிரிவு லயம்,
புளத்கொகுபிட்டிய.

என் மகள் ஜூலியட்டுக்கு அம்மா சூசையம்மா எழுதுவது. மாதா உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். இங்கே உன் பிள்ளை நிருஷாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். போனில் பேசினால் நீ அழுவாய், நான் ஏசுவேன், விஷயம் அப்படியே நின்றுவிடும். அதனால்தான் எழுத்து. அடுத்த காம்பராவில் குடியிருக்கிற அருண் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான்.

நீ லண்டனில் மரதன் ஓடப்போகிறதை அவன்தான் வீடியோவில் காட்டினான். நிருஷா மாதிரி ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஆராய்ச்சிக்கும் உதவிக்கும் காசு சேர்க்கிறீர்களாம். கேகாலைக்கு ஓடிப்போய் அப்படியே திரும்பி ஓடி வருகிற தூரமாம். தோட்டத்து லயமே கூடிப் பார்த்தது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைக்காம்பரா ஆயம்மாவும் வந்தாள். கடிக்கிற பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது என்று நிருஷாவை மூன்று வயதில் வாசலோடு திருப்பி அனுப்பினவள். அன்றைக்கு நல்ல மழை. தலையில் போட ஒரு சாக்குக்கூடத் தரவில்லை. இப்போது, நம்ம ஜூலியட் எவ்வளவு பெரிய காரியம் செய்கிறாள் என்கிறாள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

உன் சட்டையில் நிருஷா படத்தைப் பார்த்தேன். போன ஈஸ்டருக்கு அருண் எடுத்ததுதானே. அதில் அவள் இடுப்பில் கயிறு இருந்தது. சட்டையில் நெஞ்சு வரைக்கும்தான் இருக்கிறது. வெட்டினது நீயா, ஓட்டம் நடத்துகிற வெள்ளைக்காரர்களா, எனக்குத் தெரியாது. கட்டினது நான். கட்டாவிட்டால் ரப்பர் மலைக்கு ஓடி, மரத்தில் காய்ந்த பாலை உரித்து உருட்டிக்கொண்டு, பால் வடிகிற சிரட்டைகளைக் கவிழ்த்துவிடுவாள். பால் குறைந்தால் வெட்டுகிறவர்களுக்கு அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். அவர்கள் ஏசுவதிலும் குற்றம் இல்லை.

இனி எழுதுவதைக் கவனமாய்ப் படி. போன வாரம் நான் பீலித் தண்ணீரில் துணி அலசும்போது கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டாள். சந்தியில், மஷூர் கடைக்கு முன்னால், பஸ்ஸை மறித்து நின்றாளாம். பாவாடையில் இரத்தம். அடிபட்டுவிட்டது என்று டிரைவர் குதித்து இறங்கினாராம். அடிபடவில்லை. உன் மகள் பெரிய பிள்ளையாகிவிட்டாள். அங்கே நின்ற ஒருத்தன் சிரித்துக்கொண்டே போனில் படம் பிடித்திருக்கிறான். மஷூர் பெண்சாதி ஸபியா ஓடி வந்து, தன் சால்வையைப் பிள்ளை இடுப்பில் சுற்றிவிட்டு, உன்னைப் பெற்றவளையும் இப்படித்தான் படம் பிடிப்பாயா என்று சிங்களத்தில் கேட்டாளாம். படம் பிடித்தவன் யார் என்று எனக்குத் தெரியும். சாகிறவரைக்கும் தெரியும்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். தாயும் இல்லை, தாய்மாமனும் இல்லை. ஒரு செம்புக்கே அலறி என் கையைக் கடித்தாள். அதோடு விட்டுவிட்டேன். மிட்வைஃப் நோனா வந்து, கட்டி வைப்பது குற்றம், பிள்ளையை விடுதியில் சேர்க்கக் கையெழுத்துப் போடு ஆச்சி என்றாள். போடவில்லை. பெரிய பிள்ளை, சத்தம் போட்டுக் கூப்பிடத் தெரியாத பிள்ளை. இப்போது கதவுக்குக் குறுக்கேதான் படுக்கிறேன்.

இன்னொன்று. கேகாலை ஆஸ்பத்திரியில் என்னைத் தங்கச் சொன்னார்கள். மார்பில் இருக்கிறதை வெட்டி எடுக்க வேண்டுமாம். பிள்ளையை யாரிடம் விடுவது என்று கேட்டேன். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஊருக்கு வந்தால் திரும்பிப்போக விசா கிடைக்காது என்று நீ சொன்னதை மறக்கவில்லை. ஒரே வருஷம்தான் அம்மா என்று சொல்லிப் போனதையும் மறக்கவில்லை. நீ ஓடு. அந்தக் காசு எந்தப் பிள்ளைக்காவது உதவட்டும். ஓடி முடித்ததும் புறப்பட்டு வா.

வந்ததும் அவளைக் கட்டிப்பிடிக்காதே, அவளுக்குப் பிடிக்காது. வீடியோவில் உன் குரலுக்கு அவள் திரும்பவே இல்லை, அதற்காகவும் அழாதே. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள். சோற்றைக் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வை. மெல்லப் பழகுவாள். நான் இருக்கும்போதே வந்தால் நானே பழக்கிக் கொடுப்பேன்.

ஓடுகிற உன் கால்களுக்கு ஒரு குறையும் வராமல் மாதா காக்கட்டும்.

உன் அம்மா
சூசையம்மா