மணலில் கேட்ட பெயர்

12 ஆகஸ்டு 1959

மழை. விறகெல்லாம் ஈரம். அடுப்புப் புகையில் கண் எரிகிறது.

பள்ளியில் இம்மாதம் 29-ஆம் தேதி நான் பூகோளக் கட்டுரை வாசிக்க வேண்டும். என் கணவர் இராமலிங்கம் சீனாவின் மேற்குக் கோடியில், காஷ்கரில் டாக்டராக இருந்தபோது எழுதிய கார்கலிக் வட்டத்துக் குறிப்புகளைச் செம்மைப்படுத்துகிறேன். தெற்கே பனிமலை, வடக்கே மணல், நடுவே ஆற்று வாய்க்கால் எட்டும் மட்டும் பச்சை. மக்கள் உய்குர்கள், துருக்கி இன முஸ்லிம்கள். கோதுமை, சோளம், வால்நட், மாதுளை. வாரம் ஒரு சந்தை; கழுதைதான் வண்டி, மாடு எல்லாம். மணல் வயலுக்குள் வராதிருக்க வரிசையாக நெட்டை மரங்கள். பலருக்குக் கழுத்தில் கழலை. தண்ணீரே காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்.

தெளிவான கையெழுத்து. அடித்தல் திருத்தல் கிடையாது.

14 ஆகஸ்டு

கடைசிப் பக்கம்: "மணல் ஓரத்தில் யாராவது அழைத்தால் இவ்வூரார் பதில் சொல்வதில்லை. கழுதைக் கழுத்து மணியை மட்டும் கேட்டு நடக்கிறார்கள். நாளை நானும் நல்லுசாமியும்" — அதோடு நிற்கிறது.

முதல் இரண்டு வரிகளையும் அடித்துவிட்டேன். மூடநம்பிக்கைக்குப் பூகோளக் கட்டுரையில் இடமில்லை.

15 ஆகஸ்டு

கொடியேற்றத்துக்கு வந்த கொழுந்தன் சேனாதிபதி, நாலு பேர் எதிரில் மறுபடியும் ஆரம்பித்தான். "அண்ணன் சாகல அண்ணி. அங்ஙன ஒருத்தியோட குடும்பம் நடத்துறாரு. நீங்கதேன் வெள்ளச் சேலைய வீணா துவைக்கிறீக."

மணற்காற்றில் காணாமல் போனார் என்று கடிதம் வந்து பதினொரு வருடம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை. என்னை விட்டுவிட்டுப் போனாரா, இல்லையா? அதை அறிந்தவன் நல்லுசாமி ஒருவன். சமையலுக்குக் கூடப் போனவன். திரும்பியதிலிருந்து என்னைக் கண்டால் வேறு தெருவில் நடக்கிறான்.

18 ஆகஸ்டு

ஜீப்பில் அவன் ஊரான வில்பட்டிக்குப் போனேன். ஒரே மூடுபனி. நல்லுசாமியின் மனைவி வீரம்மாள் பூண்டு வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒன் புருஷன் எங்கே?"

"மேக்காட்டுல கெடக்காருங்கம்மா."

"பெயரைச் சொல்லிக் கூப்பிடு. கேட்கும்."

அவள் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். "ஆத்தீ! நீங்க கான்வென்டுல படிச்சவுக, டாக்டரய்யாவப் பேரு சொல்லிக் கூப்பிடுவீக. ஊரே வேடிக்க பாக்கும். எங்களுக்கு 'ஏங்க, இந்தாங்க'தேன். பேரச் சொன்னா இவரு அலறியடிச்சு ஓடிருவாரு!"

அவளே போய் அழைத்து வந்தாள். நல்லுசாமி உட்காரவில்லை. நான் நேராகவே கேட்டேன். "அவர் ஒரு பெண்ணோடு போனாரா?"

"பொண்ணு கொரலோடதேன் போனாருங்கம்மா."

வரப்பில் கிடந்த களைக்கொத்தை எடுத்து மண்ணைத் துடைத்தபடி சொன்னான்.

"சாயங்காலம். மணல்காத்து. கழுதைக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தோம். மொதல்ல என்னையத்தேன் கூப்பிட்டுச்சு. 'நல்லுசாமி'ன்னு. இவ கொரலு, அச்சு அசல். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கட்டுன நாள்லருந்து இவ எம்பேரச் சொன்னதில்ல. இவ இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு."

"பிறகு?"

"பெறகு அய்யாவக் கூப்பிட்டுச்சு. ஒங்க கொரல்ல. பேரச் சொல்லி."

வீரம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"நான் சட்டையப் பிடிச்சேம்மா. 'அது அவுக இல்லய்யா'ன்னேன். 'என்னப் பேரு சொல்லிக் கூப்பிடுறவ அவ ஒருத்திதானடா'ன்னு உதறிட்டு வெரசாப் போனாரு. சந்தோசமாத்தேன் போனாரு."

"பதினொரு வருஷம் ஏன் சொல்லவில்லை?"

"நீங்கதேன் கூப்பிட்டீகன்னு ஒங்ககிட்ட எப்படிம்மா சொல்றது?"

19 ஆகஸ்டு

அவர் என்னை விட்டுப் போகவில்லை.

என்னிடம் வரத்தான் போனார். இதைத்தானே தெரிந்துகொள்ள விரும்பினேன்? பின்னே ஏன் இப்படிக் குளிர்கிறது?

மாமியார் உயிரோடு இருந்தபோது கைகூப்பிக் கேட்டாள், "புருஷன் பேரச் சொல்லாதம்மா" என்று. என் கணவர், என் வாய், என்றேன். அப்படித்தான் சொன்னேன். தோட்டத்தில், கடைவீதியில், எங்கே நின்றாலும் கூப்பிடுவேன். அவருக்குப் பிடித்திருந்தது.

20 ஆகஸ்டு

சேனாதிபதிக்கு எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது? நான் அழைத்தேன், போனார் என்றா? கிழித்துப் போட்டேன். அவன் சொல்வதையே சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

அடித்த இரண்டு வரிகளையும் திரும்ப எழுதினேன். அதுவும் அவ்வூரின் பூகோளம்தான்.

29 ஆகஸ்டு

கட்டுரை வாசித்தேன். ஆறு, பயிர், சந்தை எல்லாம் தடங்கலின்றி வந்தன. முடிவில் எழுதியவர் பெயர். வாய் திறக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். தலைமையாசிரியை தாளை வாங்கிப் படித்துவிட்டார். துக்கம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

31 ஆகஸ்டு

பிற்பகல் மூன்று மணி. சன்னலுக்கு வெளியே பைன் மரங்கள்கூடத் தெரியாத மூடுபனி. பள்ளத்திலிருந்து ஒரு பெண் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். என் குரல். அதே அதிகாரம், அதே கொஞ்சல்.

இரண்டாம் முறை கேட்டபோது கையால் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.