பின் போட்டேனா?

மார்ச் 4
நகத்தடியிலிருந்து கிரீஸ் போகவில்லை. அக்கா எலுமிச்சைத் தோல், சமையல் எண்ணெய் எல்லாம் தேய்த்துப் பார்த்துவிட்டாள்.

மாதக் கடைசியில் பயிற்சி முடிகிறது. நான் தனியாக விமானத்தில் கைவைக்கலாம் என்று என்னை மேற்பார்க்கும் என்ஜினியர் எழுதிக் கொடுக்க வேண்டும். விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹாங்கரில் அவருக்கு மரியாதையான பெயர் உண்டு. இந்த டைரியில் அவர் சிடுமூஞ்சி. அவர் எழுதாவிட்டால் இன்னும் ஒரு வருடம் இதே எடுபிடி வேலை. என்னால் முடியாது. என் முழங்காலைக் கேட்டால் அதுவும் இதையே சொல்லும்.

மார்ச் 7
தூக்கம். வேறொன்றும் இல்லை.

மார்ச் 11
மதியம் கிளம்ப வேண்டிய விமானத்துக்கு ஒரு சக்கரம் மாற்றினோம். ஜாக் வைத்துத் தூக்கியது என்னோடு பயிற்சியில் இருக்கும் நெட்டை. புதுச் சக்கரத்தை அச்சில் ஏற்றி நட்டை முறுக்கியது நான். அந்த நட்டு தானாகக் கழன்றுவிடாமல் ஒரு பின் பிடித்துக்கொள்ளும். அதைப் போட்ட பிறகுதான் மூடி. அந்த நேரம் பார்த்து, பக்கத்து விமானத்தில் எண்ணெய் ஒழுகுகிறதென்று சிடுமூஞ்சியைக் கூப்பிட்டார்கள். பின்னைப் போட்டு மூடச் சொல்லிவிட்டு ஓடினார். மூடினேன். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறினேன்.

பாதி வழியில் — பின் போட்டேனா?

முறுக்கியது ஞாபகமிருக்கிறது. மூடியது ஞாபகமிருக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று வருமே, அந்தச் சந்தேகம்தான். ஆனால் இது வீடில்லையே.

கிடைத்த நிறுத்தத்தில் இறங்கி நெட்டைக்குப் போன் செய்தேன். போட்டிருப்ப, சும்மா பயப்படாதே என்றான். போட்டிருப்பேன் என்றால் போட்டேன் என்று ஆகிவிடுமா? சிடுமூஞ்சியைக் கூப்பிட்டேன்.

"சார், பின் போட்டேனான்னு எனக்கே தெரியல. மூடுறதுக்கு முன்னாடி நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கல," என்றார். "பார்த்ததா கையெழுத்து மட்டும் போட்டுட்டேன்."

வைத்துவிட்டார்.

அதே நாள், மாலை
ஓடுபாதைக்குப் போய்க்கொண்டிருந்த விமானத்தைச் சிடுமூஞ்சி திருப்பி வரவழைத்தாராம். பயணிகளை இறக்கி மூடியைத் திறந்தால், பின் இருக்கிறது. நான் எப்போதும் முனையை மடக்குகிற மாதிரியே மடக்கி, லட்சணமாக இருக்கிறது.

நிம்மதி வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

மார்ச் 12
சிடுமூஞ்சியை மேலாளர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். தாமதத்துக்காக இல்லை, பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்காக. எச்சரிக்கைக் கடிதம். யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவராகவே போய்ச் சொன்னாராம். இத்தனை வருட சர்வீஸில் இதுதான் முதல் கடிதம் என்கிறார்கள்.

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டியே," என்றான் நெட்டை. எனக்கு எழுதித் தர வேண்டியவருக்கே நான் கடிதம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சிரிக்கலாம்தான்.

மார்ச் 13
அத்தான் பஸ் ஓட்டுகிறவர். சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். "சந்தேகம் வந்தா நான் ஓரங்கட்டிட்டு இறங்கிப் பார்ப்பேன். உங்க வண்டிய எங்கேம்மா ஓரங்கட்டுறது?" என்றார். நான் செய்ததுதான் சரி என்றார்.

சரிதான். சரியாக நடந்துகொண்டு இன்னொரு வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கலாம் என்றாள் அக்கா. இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

மார்ச் 20
அதை எடு, இதைப் பிடி. அதற்கு மேல் சிடுமூஞ்சி ஒரு வார்த்தை பேசுவதில்லை. முன்பெல்லாம் திட்டுவார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கிறது.

மார்ச் 26
நெட்டைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தான். எனக்கு இரண்டு. பரிதாபமாம்.

மார்ச் 31
சோர்ந்துபோய்த்தான் வேலைக்குப் போனேன். சாவி, உடைகளைத் திருப்பித் தரச் சொல்வார்களோ, அடுத்த வருடப் பயிற்சிக்கு மறுபடி பதிவு செய்யச் சொல்வார்களோ என்று நினைத்துக்கொண்டே.

மதியம் ஒரு விமானத்தின் வால் பக்கத்திலிருந்து சிடுமூஞ்சி கூப்பிட்டார். விமானத்தைத் திருப்புகிற தண்டு ஒன்றை அவரே மாட்டியிருந்தார். அந்த மாதிரி வேலையை, தகுதி உள்ள இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மூடலாம்.

"நான் மாட்டுனது. நீ பாரு."

நான் இன்னும் பயிற்சியில்தானே இருக்கிறேன் என்றேன்.

"நேத்தே எழுதிக் கொடுத்துட்டேன். ஆபீஸ்லயும் முடிச்சாச்சு. ஏறு."

ஏணியில் ஏறினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் மூடியைக் கையில் எடுத்தார். இருங்க சார், இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, யாரிடம் சொல்கிறோமென்று. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்த்தேன். கீழேயிருந்து யாரோ நேரமாகிறது என்று கத்தினார்கள்.

"அவ பார்த்து முடிக்கட்டும்," என்றார்.

முடித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். நிறுத்தம் தாண்டிப் போய், நாலு தெரு திரும்ப நடந்தேன்.