மாலை வகுப்புக்கு முப்பது பேர்

மார்ச் 3
என் மனைவி இறந்து நாலு மாதம். ஜிம்மில் அவள் கவனித்துவந்த, பாட்டுக்கு ஆடவைக்கும் உடற்பயிற்சி மாஸ்டர்கள் நால்வரையும் இனி நான் கவனிக்க வேண்டுமாம். அதே ஜிம்மில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன் நான். முதலாளி சொன்னார்: "மாசக் கடைசிக்குள்ள சாயங்கால கிளாஸுக்கு முப்பது பேர் வரணும். இல்லேன்னா ஹாலைக் காலி பண்ணி டிரெட்மில் போட்டுடுவேன்." இப்போது வருவது பதினொரு பேர்.
ஒன்றும் தோன்றவில்லை. சரி என்றேன்.

மார்ச் 6
காலை வகுப்பில் கடைசியில் நின்று நோட்டில் குறித்தேன், மெஷினைச் சோதிப்பதுபோல. நால்வரில் இளையவள் மின்னல். "இடது" என்று சொல்லிவிட்டுத் தன் வலக்காலைத் தூக்குகிறாள். பதினான்கு தடவை. ‘கவனக்குறைவு’ என்று எழுதிப் பலகையில் ஒட்டினேன்.

மார்ச் 7
மின்னல் அந்தத் தாளோடு வந்தாள். "அண்ணா, நான் அவங்களைப் பார்த்து நின்னு ஆடறேன். அவங்களுக்குக் கண்ணாடி மாதிரி தெரியணும்னா மாத்தித்தான் தூக்கணும். அதைப் பழகவே ஆறு மாசம் ஆச்சு எனக்கு."
மூத்த மாஸ்டர்: "ஏன் தம்பி, இன்ஜினியரிங் படிச்சா கைகால் கணக்கு மறந்துடுமா?"
நால்வரும் வேறு ஜிம் பார்க்கிறார்களாம்.
என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்? அவ ஒவ்வொருத்தரா சேர்த்த ஆளுங்க. நாலே நாள்ல —

மார்ச் 8
தாளை அவர்கள் முன்னால் கிழித்துப் போட்டேன். ஷூ மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் நின்றேன். எல்லாரும் ஒரு பக்கம் போக, நான் மட்டும் எதிர்ப்பக்கம். ஒரு அம்மாவின் காலை மிதித்தேன். "நட்டு போல்ட்டெல்லாம் கழண்டு விழுது, பொறுக்கிக்குங்க தம்பி" என்றார் மூத்தவர். ஹாலே சிரித்தது. வேறு ஜிம் பேச்சு வரவில்லை.

மார்ச் 13
நாள் முழுக்க அவர்களோடு நின்ற பிறகுதான் பிடிபட்டது. மைக் வேலை செய்யவில்லை. பாட்டுக்கு மேல் கத்திக் கத்தி, மாலை வகுப்புக்குள் யாருக்கும் தொண்டை இல்லை.
"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"
மின்னல் தரையைப் பார்த்தாள். "நீங்க இருந்த நிலைமைல, மைக் ரிப்பேர்னு வந்து எப்படிண்ணா நிக்கறது?"
உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. பற்றவைக்கப் பத்து நிமிடம். அட்டவணையையும் மாற்றினேன்: யாருக்கும் இரண்டு வகுப்பு தொடர்ந்து கிடையாது.

மார்ச் 19
பத்தொன்பது பேர்.

மார்ச் 25
இருபத்தெட்டு. மூத்தவர் என் காலைப் பார்த்து, "தேறிட்டீங்க" என்றார். பொய். இருந்தாலும் நன்றாக இருந்தது.

மார்ச் 31
நாற்பத்து மூன்று. உள்ளே இடமில்லாமல் கதவைத் திறந்துவைத்து நடையிலும் நின்றார்கள். முதலாளி எட்டிப் பார்த்தார். மூத்தவர் ஆட்டத்தை நிறுத்தாமல் மைக்கிலேயே, "முதலாளி, இன்னைக்கு இடமில்ல. நாளைக்குச் சீக்கிரம் வாங்க" என்றார்.
முதலாளி தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

ஏப்ரல் 2
ஐந்தாவதாக ஒரு மாஸ்டரைத் தேடச் சொல்லியிருக்கிறார் முதலாளி. விளம்பரம் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் நல்ல பசி. சோறு வடித்து இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். நடுவில் அழுகை வந்தது. இரண்டையும் நிறுத்தவில்லை.