ஜோசலின் சொல்லாத சாட்சி

இரும்புலியூர்
4 ஜூன் 2024

அன்புத் தங்கை ஜோசலினுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். இங்கே நாங்கள் சுகம். உன் மனநல இல்லத்துக்குள் போனை விட மாட்டார்கள் என்பதால், பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு இப்போதுதான் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பியூலா எலுமிச்சை ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள். உன் அண்ணி கையில் உப்பு எப்போதும் தூக்கல்தான், பொறுத்துக்கொள்.

எனக்கு வயிறு எரிகிறது, ஜோசி. நீ விட்டுப்போன போனைத் திறந்து பார்த்தேன். அத்தனையும் சினிமாச் சோகப் பாட்டு. ஒருவன் உயிர் வேண்டாம் என்கிறான், இன்னொருவன் மண்ணுக்குள் இடம் கேட்கிறான். இதையெல்லாம் எழுதுகிறவனுக்கு வீட்டில் தங்கை கிடையாதா? சிறுசேரியிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் தினமும் இதைக் காதில் ஊற்றிக்கொண்டால் மனசு எப்படி நன்றாக இருக்கும்? எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். நம் பாடகர் குழு பாடியதை ஏற்றி வைத்திருக்கிறேன்.

இருபத்திமூன்றாம் தேதி ஞாயிறு ஆராதனையில் உனக்குச் சாட்சி நேரம் வாங்கியிருக்கிறேன். அதற்குள் உன்னை அனுப்பிவிடுவார்கள் அல்லவா? சோகப் பாட்டிலிருந்து கர்த்தர் என்னை விடுவித்தார் என்று சபை முன்னால் சொல். பிறகு நான் எழுதிய பாட்டை நீ தனியாகப் பாட வேண்டும். பாஸ்டரும் சரி என்றார்.

உன் அண்ணன்,
ஜெபசீலன்

கூடுவாஞ்சேரி
8 ஜூன் 2024

அண்ணாவுக்கு,

ஊறுகாய் வந்தது. உப்பு சரியாகத்தான் இருக்கிறது, அண்ணியிடம் சொல். நல்ல சேதி இதோடு முடிந்தது.

யாரைக் கேட்டு அழித்தாய்? நான் செத்துப்போகவில்லை, என் சாமான்களை ஒழித்துப் போடுவதற்கு.

பிப்ரவரியில் அம்மாவை அடக்கம் பண்ணிய ஈரம்கூடக் காயவில்லை. ஒரு பாட்டை எழுதி என் கையில் கொடுத்தாய். ‘துக்கம் என் வாசல் வராது, கண்ணீர் என் கண்ணை அறியாது.’ மாட்டேன் என்றேன். “நீ பாடினாத்தான் சபைக்கு விசுவாசம் வரும்” என்றாய். பாடினேன். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஆளாளுக்கு என் கன்னத்தைத் தடவினார்கள். அதற்கப்புறம் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அழுவது? வீட்டில் என் கண் கலங்கினால் நீ உடனே அந்தப் பாட்டை முணுமுணுப்பாய். நான் பாடிய அன்று சாயங்காலம்தான், இனி இருந்து என்ன என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது. சினிமாப் பாட்டு கேட்டு இல்லை.

பஸ்ஸில் அந்தப் பாட்டுகளைக் கேட்டு நான் அழுதேன். ஒரு நாளில் எனக்கு அழக் கிடைத்த நேரம் அதுதான். எல்லாம் நல்ல பாட்டு என்று சாதிக்க வரவில்லை. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, மனசு இன்னும் கீழே போனதும் உண்டு. அதற்கு டாக்டர் மிருதுளா என்னைக் கண்டித்தார். “சோகப் பாட்டு கேளுங்க. ஆனா ஒண்ணையே சுத்திச் சுத்திக் கேக்காதீங்க, தனியாவும் கேக்காதீங்க” என்றார். சந்தோஷமாக இருப்பதுபோல் நடி என்று அவர் சொல்லவில்லை.

சாட்சி சொல்ல மாட்டேன். பாடவும் மாட்டேன்.

ஜோசலின்

இரும்புலியூர்
12 ஜூன் 2024

ஜோசலினுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சாகச் சொல்கிற பாட்டு உனக்கு மருந்து, ஆண்டவர் பாட்டு விஷம், அப்படித்தானே?

அம்மா உனக்கு மட்டும் அம்மாவா? கல்லறையிலிருந்து வந்ததும், யாருக்கும் தெரியாமல் பாத்ரூமுக்குள் உட்கார்ந்து எழுதியது அந்தப் பாட்டு. அதைப் பாடிக்கொண்டேதான் பைக் ஓட்டினேன், ஸ்கூலுக்குப் போனேன், ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினேன். அது இல்லாவிட்டால் நானும் உன் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருப்பேன்.

ஆராதனைத் தாள் அச்சுக்குப் போய்விட்டது. அதில் உன் பேர் இருக்கிறது. நாலு பேர் முன்னால் என் மானத்தை வாங்காதே.

ஜெபசீலன்

கூடுவாஞ்சேரி
16 ஜூன் 2024

அண்ணா,

பாத்ரூமில் உட்கார்ந்து எழுதினாய் என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கே சொல்லியிருந்தால் கதவைத் தட்டியிருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம். அழுததை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாய். என் கோபம் அதற்குத்தான். அது உன்னைத் தூக்கி நிறுத்துகிறது என்றால் நீ பாடு. எனக்கு அது வாய்ப்பூட்டு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டாக்டர் குடும்பத்தாரோடு பேசுகிறார். வா. பாட்டு வேண்டாம், வசனமும் வேண்டாம். சும்மா வந்து என் பக்கத்தில் உட்கார். வந்தால் மறுநாள் உன்னோடு வீட்டுக்கு வருகிறேன். வராவிட்டால், என்னோடு வேலை பார்க்கும் ஜீவிதா பிடித்து வைத்திருக்கும் அறைக்குப் போய்விடுவேன். அது எங்கே என்று உனக்குச் சொல்ல மாட்டேன். மிரட்டுவதாக நினைக்காதே. நான் பிழைத்திருக்க வேண்டும்.

ஜோசி

இரும்புலியூர்
23 ஜூன் 2024, ஞாயிறு

ஜோசிக்கு,

இதை ஜீவிதா பேருக்கு, உங்கள் கம்பெனி முகவரிக்கு அனுப்புகிறேன். உன் கைக்கு வருமா, தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கிளம்பத்தான் செய்தேன். டாக்டர் முன்னால் நீ என்னைக் குற்றவாளியாக நிறுத்துவாய் என்று நினைக்க நினைக்க ஆத்திரம் ஏறியது. பெருங்களத்தூரிலேயே வண்டியைத் திருப்பிவிட்டேன்.

இன்று ஆராதனையில் உன் பேரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். என் தங்கைக்குப் பூரண சுகம், சோகப் பாட்டிலிருந்து விடுதலை, சந்தோஷமாக இருக்கிறாள் என்று உனக்குப் பதிலாக நானே சாட்சி சொன்னேன். பாட்டையும் பாடினேன். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். விசுவாசத்தில் சொல்கிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

வெளியே வந்ததும் நம் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் சாலமன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ரொம்ப சந்தோசம்பா. பாப்பா இன்னாத்துக்கு வரல? எங்க கீது?”

“வீட்டுல ரெஸ்ட் எடுக்குறாண்ணா” என்றேன். அது சுத்தப் பொய்.

வீட்டுக்கு வந்து உன் போனிலிருந்தே ஜீவிதாவைக் கூப்பிட்டேன். நீ சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்டேன். “அவளுக்குச் சொல்லணும்னு தோணினா அவளே சொல்லுவாண்ணா” என்று வைத்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்ட பியூலா மேல் எரிந்து விழுந்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என் கோபம் இன்னும் போகவில்லை. அது உன் மேலா, என் மேலா என்றும் புரியவில்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்று சபை முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது, ஜோசி. திட்டியாவது ஒரு வரி எழுது.

அண்ணன்