கிடை போட வந்த ஆடுகள்

பங்குனி, செவ்வாய் இரவு.

அறுப்பு முடிந்ததும் என் கரிசல் நிலத்தில் எருவுக்காக வருஷாவருஷம் ராத்திரியில் ஆடுகளை அடைத்துக் கிடை போடும் மாடசாமி இன்று ஆடுகளோடு வந்துவிட்டார். நிலத்தை சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது அவருக்குத் தெரியாது; நான்தான் சொன்னேன்.

"கப்பல்ல வார நிலக்கரிய நம்பி நாடு இருக்கக் கூடாதாம். அதான் கவர்மெண்டுல கம்பெனிக்கு மானியம் குடுத்து, வரியையும் கொறச்சிருக்காவ" என்றேன்.

"நல்லதுதான் அண்ணாச்சி. தீப்பெட்டி வாங்குனாக்கூட நானும் வரி கட்டுதேன். என் ஆடு எங்கன படுக்கும்?"

ஆடுகள் பழகிய இடத்துக்கே போய், கம்பெனி போட்ட கம்பிவேலியை ஒட்டி ரோட்டிலேயே படுத்துவிட்டன. வண்டி வந்தால் மறிக்க மாடசாமி டார்ச்சோடு நிற்கிறார்.

லாரிச் சத்தம் காதில் விழவேண்டுமென்று வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.