இறங்கத் தேவையில்லை

பிப்ரவரி 23, ஞாயிறு

அடுத்த ஞாயிறு குழுவோடு போகவிருக்கும் ஆற்றங்கரைப் பாதையைப் பார்த்துவர இன்று காலை ஆறு மணிக்கே கிளம்பினேன். வழிச்சீட்டு எழுதும் வேலை இந்த முறையும் என் தலையில்தான். எங்கள் சைக்கிள் குழுவில் அதற்கு ஒரு சட்டம் உண்டு. சீட்டு எழுதுகிறவர் முதலில் தனியாக முழுத் தூரமும் ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கே மேடு, எங்கே கல், எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்றெல்லாம் எழுதி, அடியில் ‘நேரில் ஓட்டிப் பார்த்து எழுதியது’ என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அவசரமே இல்லாத பாதை. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஆளுயர நாணல். பாதி தூரம் மிதிக்கக்கூட வேண்டாம், காற்றே தள்ளிக்கொண்டு போகிறது. தடுப்பணை வரை எட்டுக் கிலோமீட்டர். அங்கே தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். எதிரில் ஒரு கொக்கு, அதுவும் என்னைப் போல ஒரு வேலையும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தது. அதற்கப்புறம் சதுப்பு நிலத்துக்கு இன்னும் நாலு கிலோமீட்டர். போன வருஷம் ஓட்டிய பாதைதானே, எங்கே ஓடிப்போய்விடும் என்று திரும்பிவிட்டேன். எட்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தேன்.

சாயங்காலம் சீட்டை எழுதி முடித்தேன். “சதுப்பு நில வாசலில் பலகைப் பாதை, இருநூறு மீட்டர். அகலமானது. இறங்கத் தேவையில்லை.” கையெழுத்தும் போட்டாயிற்று.

பிப்ரவரி 27, வியாழன்

தையலக்கா போன் செய்தார். எங்கள் தெரு முனையில் துணி தைக்கிறவர், ஐம்பத்தாறு வயது. மூன்று மாதமாக விடிகாலையில் பள்ளி மைதானத்தில் நான்தான் அவருக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தேன். அதிலிருந்து நான் அவருக்கு ‘டீச்சரம்மா’. நீண்ட தூரம் போவது இதுதான் அவருக்கு முதல் தடவை.

“டீச்சரம்மா, அந்தப் பலகை மேல மட்டும் நான் இறங்கித் தள்ளிட்டு வரவா? நெனச்சாலே உதறுது.”

“வேண்டாம்க்கா. ரோடு மாதிரி இருக்கும். சீட்டுல எழுதியிருக்கேன்ல?”

“நீ சொன்னா சரி.”

மார்ச் 2, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் இன்னும் மோசமாகிவிடும்.

பதினோரு பேர் போனோம். அக்கா என்னமாய் வந்தார்! ஆற்றைப் பார்க்க ஒரு தரம், நாரைக்கூட்டம் பார்க்க ஒரு தரம் என்று தானே நிறுத்தி, தானே ஏறி, “இவ்வளவு நாளா இந்த ஆறு இங்கதான் இருந்துச்சா?” என்று கேட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் இருவரும் கடைசி. மற்றவர்கள் பலகைப் பாதையைத் தாண்டிப் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் சைக்கிளுக்கெல்லாம் தடித்த டயர். அக்காவுடையது மெலிந்த டயர். பார்க்க அழகாக இருக்கிறது என்று நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது.

பலகைப் பாதையில் ஏறியதுமே பார்த்தேன். போன வருஷம் பலகைகள் குறுக்கே கிடந்தன. மழையில் பெயர்ந்திருக்க வேண்டும். பாதியில் ஓர் இடத்தில் நீளவாக்கில் புதுப் பலகைகளைப் போட்டிருந்தார்கள். நடுவில் ஓர் இடுக்கு, சக்கரம் போகிற திசையிலேயே. அக்கா எனக்கு நாலு கஜம் முன்னால். “இறங்குங்க” என்று ஒரு வார்த்தை. அதற்கு நேரம் இருந்தது. நிஜமாகவே இருந்தது. ஆனால் இறங்கச் சொன்னால் சீட்டில் எழுதியது பொய் என்று ஆகிவிடுமே — அதை நினைத்தேனா? நினைத்தேன். மற்றவர்கள் போய்விட்டார்களே, இவரும் போய்விடுவார் என்றும் நினைத்தேன்.

முன்சக்கரம் இடுக்கில் இறங்கியது. அக்கா வலது கையை ஊன்றி விழுந்தார்.

அவரைத் தூக்கிவிட்டேன், தண்ணீர் கொடுத்தேன், துப்பட்டாவால் கையைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டேன். அதெல்லாம் சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், மற்றவர்கள் திரும்பி ஓடிவருவதற்குள், நான் செய்த முதல் காரியம் சக்கரத்தை இடுக்கிலிருந்து பிடுங்கி சைக்கிளைப் பாதையோரக் கைப்பிடிக் கம்பியில் சாய்த்ததுதான். அக்கா வலியில் கண்ணை மூடியிருந்தார். அவர் பார்க்கவில்லை.

குழுத்தலைவர் மருந்துக்கடைக்காரர் மூச்சிரைக்க வந்து கேட்டார்: “என்னாச்சு, பேலன்ஸ் போயிடுச்சா?”

நான் தலையாட்டினேன்.

மார்ச் 3, திங்கள்

மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு.

மார்ச் 5, புதன்

ஆரஞ்சுப் பழங்களோடு அக்காவைப் பார்க்கப் போனேன். தையல் எந்திரத்துக்கு உறை போட்டிருந்தார்கள். வெட்டிய துணிகள் மூலையில் அப்படியே கிடந்தன.

“பாவம், உன் மானத்தையும் சேர்த்து வாங்கிட்டேன். நீ அவ்வளவு பாடுபட்டு சொல்லிக்கொடுத்த. எனக்கு இந்த ஜென்மத்துல பேலன்ஸ் வராது,” என்று என்னைத் தேற்றினார். ஆமாம், அவர் என்னைத் தேற்றினார்.

அவர் வீட்டுக்காரர் கதவோரம் நின்றபடி, “நான் தலப்பாடா அடிச்சிக்கிட்டேன், இந்த வயசுல எதுக்கு இந்த ஆட்டம்னு. யார் கேட்டா?” என்றார். அக்கா தலைகுனிந்து கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரிடம் பதில் சொல்லாத தையலக்காவை இன்றுதான் பார்க்கிறேன்.

கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்குள் லென்ஸ் பொருத்துவது என் தொழில். அரை மில்லிமீட்டர் தப்பினால் திருப்பி அனுப்புகிறவள். பார்வைக்காரி! நாலு கிலோமீட்டரை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

குழுவில் எனக்கு ஒரு பாராட்டு. பதறாமல் முதலுதவி செய்தேனாம். கை தட்டினார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. விழுங்கவில்லை. “அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்று சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வீட்டில் வழிச்சீட்டு மேஜை மேல் கிடந்தது. என் கணவர் எடுத்துப் படித்தார்.

“போகவர இருபத்தி நாலு கிலோமீட்டர். அன்னைக்கு நீ எட்டு மணிக்கே வந்துட்டியே?”

“வேகமா ஓட்டினேன்.”

“நீயா?” என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 12, புதன்

அக்காவின் சைக்கிளை வாங்க ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறாராம். “கண்ணுல படாம இருந்தா சரி, பார்க்கப் பார்க்க வெட்கமா இருக்கு,” என்று அக்கா போனில் சொன்னார்.

யாருடைய வெட்கத்தை யார் சுமக்கிறார்?

மார்ச் 14, வெள்ளி

கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு முழுத் தூரமும் ஓட்டினேன். பன்னிரண்டு கிலோமீட்டர், ஒரு சாண் பாக்கியில்லாமல். தடுப்பணையில் நிற்கவில்லை. அதற்கப்புறம்தான் பாதையே அழகாகிறது. ஆறு அகன்று, கரை எது தண்ணீர் எது என்று தெரியாமல் பரவிக் கிடக்கிறது. நீர்க்கோழிகள் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு கோரைக்குள் போயின. இவ்வளவையும் விட்டுவிட்டுத்தான் அன்று திரும்பியிருக்கிறேன், வெறும் சோம்பலில்.

பலகைப் பாதையில் மண்டியிட்டு அந்த இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் தாராளமாக இறங்கியது. ஓரத்தில் சைக்கிள் பூச்சு ஒட்டியிருந்தது, அக்காவின் பச்சை. இரண்டு பக்கமும் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வந்தேன். பராமரிப்பு அலுவலகத்திலும் சொல்லிவிட்டேன், பலகையைச் சரிசெய்ய. அவர்களிடம் சொல்ல நாக்கு தாராளமாகப் புரண்டது.

மார்ச் 15, சனி

சொல்லிவிட்டேன்.

எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. “அக்கா, நீங்க பேலன்ஸ் தவறி விழல. சக்கரம் பலகை இடுக்குல மாட்டுச்சு. நான்தான் பிடுங்கி எடுத்தேன். அந்தப் பாதையை நான் இந்த வருஷம் ஓட்டவே இல்ல, ஓட்டாமலே எழுதிட்டேன்.” ஒரே மூச்சில். அழக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். அழவில்லை. அது ஒன்றுதான் ஒழுங்காகச் செய்தது.

அக்கா தன் கைக்கட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இடுக்கை முன்னாடியே பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“மருந்துக்கடைக்காரர் கேட்டப்போ தலையாட்டினதும் தெரிஞ்சேதான்?”

“ஆமா.”

“கை உடைஞ்சதுகூட பரவால்ல. அது ஒட்டிக்கும். பதிமூணு நாள். பதிமூணு நாளா என்னை நானே திட்டிக்கிட்டு, இந்த மனுஷன்கிட்டயும் வாங்கிக்கட்டிக்கிட்டு, உனக்கு வேற ஆறுதல் சொன்னேன். நீ அதையும் கேட்டுட்டு, பழத்தை வச்சிட்டு போன. மனசு எப்படி வந்துச்சு உனக்கு?”

மூலையில் கிடந்த வெட்டிய துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போ. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராத.”

வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளே குரல் கேட்டது. “ஏங்க, நாளைக்கு சைக்கிள் பார்க்க வர்றவர்கிட்ட வரவேணாம்னு சொல்லிடுங்க.” அவர் ஏதோ முணுமுணுத்தார். “என் சைக்கிள். விக்கிறதா இல்ல. சொல்லுங்க,” என்றார் அக்கா. பழைய குரல்.

மார்ச் 16, ஞாயிறு

குழுவிலும் எழுந்து நின்று சொன்னேன். இந்த முறை யாரும் கை தட்டவில்லை. மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, “இனி சீட்டு வேற யாராவது எழுதட்டும்மா,” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் கணவரிடமும் சொன்னேன். “தெரியும்,” என்றார். “நீயா சொல்லணும்னுதான் இருந்தேன்.”

ஏப்ரல் 16, புதன்

கட்டைப் பிரித்துவிட்டார்களாம். பக்கத்து வீட்டம்மா சொல்லித் தெரிந்தது. கடைக்குப் போகும்போது எந்திரச் சத்தம் கேட்கிறதா என்று தெரு முனையில் நின்று கேட்டேன். அக்கா ஜன்னலில் நின்றிருந்தார். நான் நடையைக் கட்டினேன்.

மே 11, ஞாயிறு

மறுபடியும் சதுப்பு நிலப் பயணம். பலகைகளை மாற்றிவிட்டார்கள். போகலாமா வேண்டாமா என்று சட்டையை இரண்டு முறை மாற்றிவிட்டு, கடைசி ஆளாகச் சேர்ந்துகொண்டேன்.

அக்கா வந்திருந்தார். கூடவே அவர் வீட்டுக்காரர், எங்கோ இரவல் வாங்கிய சைக்கிளில், திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டு. “பிரேக்கைப் பிடிங்க, மணியை இல்ல!” என்று அக்கா அவரை அதட்டிக்கொண்டே இருந்தார்.

என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்க்கவும் இல்லை. தடுப்பணைக்கு முன்னால் ஒரு தடவை, திரும்பி வரும்போது மேட்டில் ஒரு தடவை, என்னை முந்திக்கொண்டு போனார். முதுகு நேராக, கை ஆடாமல்.