மூச்சுக்காற்று மோட்டார் நின்ற மதியம்

துவைக்க எடுத்த நம் பேத்தி ஸ்டெல்லாவின் சட்டையில் இன்றைக்கும் அந்த வாடை இருந்தது. மீன் கூடையையும் பெயின்ட் டப்பாவையும் ஒரே அறையில் பூட்டி வைத்தது போல. சட்டையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் சட்டையில் மில் பஞ்சு ஒட்டியிருக்கும், உதறித் துவைப்பேன். இது உதறினால் போகாது. இந்தப் பயத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போனபோது பள்ளிக்கூடப் பையோடு நின்றவள் இப்போது தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் நுரை அடிக்கிறாள். கட்டடக் கூரைக்கு அடியில் துப்பாக்கி மாதிரி ஒன்றால் அடிப்பாள். தண்ணீர் போல விழுவது கண் மூடித் திறப்பதற்குள் இட்லி மாதிரி உப்பி இறுகிவிடும். வெயில் உள்ளே இறங்காது, ஏசிக்குக் கரண்ட் குறைவாகச் செலவாகும். அப்படிக் கரண்டை மிச்சம் பிடிக்கிற கட்டடத்துக்குப் பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ் கொடுக்கிறார்களாம். தெருவில் யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன், முதலியார்பேட்டையில் வேறு எந்த வீட்டுப் பெண் இந்த வேலை செய்கிறாள்?

ஆனால் அந்த நுரை இறுகும்வரை வருகிற ஆவிதான் பொல்லாதது. "நெஞ்சுக்குள்ள போயிட்டா ஆயுசுக்கும் இழுப்புதான் ஆயா. அதுக்குத்தான் வெளிலேர்ந்து குழாய்ல காத்து வருது, அந்த முகமூடி இல்லாம யாரும் உள்ள போவக்கூடாது" என்று அவளே சொன்னாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

உங்களுக்கு ஏது முகமூடி? மூக்கில் ஒரு துண்டு. ஷிப்டு முடிந்தால் ஒரு கட்டி வெல்லம். பஞ்சையெல்லாம் வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று மில்லே நம்பியது, நானும் நம்பினேன். வேண்டாம், வேறு வேலை பாருங்கள் என்றால், "பஞ்சு என்னாடி பாம்பா, கடிக்க?" என்று சிரிப்பீர்கள். கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் உங்களுக்கு மூச்சு வந்தது.

ஸ்டெல்லாவுக்கும் டப்பாவில் வெல்லம் வைத்தேன். "ருசிக்குத் திங்கிறேன் ஆயா, மருந்துக்கு இல்ல" என்றாள்.

போன வாரம் பக்கத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. முதல்முறையாக அவளே பொறுப்பு. மனசு கேட்காமல் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று ஸ்டெல்லா உள்ளேயிருந்து ஓடிவந்து முகமூடியைக் கழற்றினாள். மூச்சுக்காற்று அனுப்புகிற சின்ன மோட்டார் நின்றுவிட்டது. நுரை அடிக்கிற பெரிய மிஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

தொழிற்சாலை மேனேஜர் கையைப் பிசைந்தார். சான்றிதழுக்குப் பார்வையிட வருகிறவர்கள் மறுநாள் மதியத்துக்கு மேல் வருகிறார்கள். அடித்த பிறகு ஆவி அடங்க ஒரு நாள் முழுக்கப் பூட்டி வைக்க வேண்டும். மிச்சம் ஒரு மூலைதான்.

"ஒரு துண்டக் கட்டிக்கினு அந்த மூலைய முடிச்சிடும்மா. பத்து நிமிஷ வேல" என்று தன் தோளில் கிடந்த துண்டை நீட்டினார்.

இவள் மறுப்பாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டாள்! அந்த மூலையைப் பார்த்தாள், துண்டை இரண்டாக மடித்தாள். நீங்கள் மடிப்பது போலவே மடித்தாள். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, துண்டைப் பிடுங்கிவிட்டேன்.

"பாட்டி, பத்து நிமிஷந்தான..." என்று மேனேஜர் இழுத்தார்.

"பத்துப் பத்து நிமிஷமாத்தான்யா இவ தாத்தா செத்தாரு!"

ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மானத்த வாங்காத ஆயா" என்று என்னிடம் முணுமுணுத்தவள், மேனேஜர் பக்கம் திரும்பினாள். "வேற மோட்டார் வரட்டும் சார். வந்தாத்தான் உள்ள போவேன்."

"அவுங்க வந்து மூலை பாக்கின்னு எழுதிட்டா?"

"எழுதட்டும் சார். என் கம்பெனிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

தட்டாஞ்சாவடியிலிருந்து மோட்டார் வந்து, முகமூடி போட்டுக்கொண்டு அவள் முடித்தபோது சாயங்காலம். பார்வையிடுவதை ஒரு நாள் தள்ளி வைத்தார்களாம். சான்றிதழ் வருமா என்று இன்னும் தெரியாது. திரும்பும்போது பஸ்ஸில் ஒரு தடவை இருமினாள். நான் பார்த்த பார்வையில், "தண்ணி பொரை ஏறிடுச்சி ஆயா, சும்மா இரு" என்றாள். தண்ணீர் பாட்டில் கையில்தான் இருந்தது. இருந்தாலும் இறங்கும்வரை அவள் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.

நாளைக்கு வேறு கட்டடம். "போகாதே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவளுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. "ரெண்டாவது மோட்டார் ஏத்தியாச்சா?" என்று மட்டும் கேட்டேன். "ஏத்தியாச்சி. இனிமே அது இல்லாம வண்டி கெளம்பாது" என்றாள்.

நீங்கள் ஒரு நாள்கூடப் பயப்படவில்லை. நீங்கள் படாத பயத்தையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.